இரண்டு இடது கைகள்

"ஐயையோ, ரெண்டுமே இடது கை!" என்று அலறினார் டெய்லர் மாஸ்டர்.

மேஜையில் கிடந்தது இன்ஸ்பெக்டர் கொடுத்துவிட்டுப் போன சட்டைத் துணி. கிளிப்பச்சையில் தட்டு அளவுக்கு மஞ்சள் பூக்கள். சாதாரணத் துணியாக இருந்தால் ஒரு கையைப் புரட்டிப் போட்டுத் தைத்துவிடலாம். இதிலோ பூ ஒரு பக்கம்தான். மடித்துப் போட்டு வெட்டியிருக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் துணி என்ற பதற்றத்தில் ஒவ்வொன்றாக வெட்டித் தொலைத்துவிட்டார்.

பயத்தில் பல ரகம் உண்டு. மாஸ்டருக்கு எல்லாமே பழக்கம். கரப்பான் பூச்சி என்றால் துள்ளுவார். வாடகை கேட்டு வரும் கடைச் சொந்தக்காரர் என்றால் பின்வாசலைத் தேடுவார். இன்ஸ்பெக்டரை நினைத்ததும் கால் ஆடிய ஆட்டத்தில், மிதிபலகை அசைந்து தையல் மிஷின் தானாக ஓடியது.

"பெரிய பெரிய கடையெல்லாம் தாண்டி வந்து, 'உங்களைப் பத்தி நிறையக் கேள்விப்பட்டேன்'னு சொன்னாரேடி! இப்ப என்னத்தைச் சொல்லுவேன்? கடையை இழுத்து மூடிடுவாரு. உள்ள தூக்கி வச்சாலும் வைப்பாரு."

பொத்தான் தைத்துக்கொண்டிருந்த மனைவி நிமிரவே இல்லை. "அரைக்கை ஆக்கிடுங்க. வெட்டுன மிச்சத்துல வலது கை எடுத்துக்கலாம்."

நல்ல யோசனைதான். வலது கை வந்தது, ஒல்லியாக வந்தது. இன்ஸ்பெக்டர் புஜம் அதற்குள் நுழைய வேண்டுமானால் அவர் ஒரு மாதம் பட்டினி கிடக்க வேண்டும். அக்குளில் ஒட்டுப் போட்டார். பச்சையிலேயே போட்டார். அது வேறு பச்சை.

"இஸ்திரி போட்டா எல்லாம் படிஞ்சிடும்" என்று தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டார். பெட்டியை வைத்த நேரம் பார்த்து வாசலில் ஜீப் சத்தம். ஓடிப்போய் எட்டிப் பார்த்தார். பால் வண்டி. அப்பாடா என்று திரும்பினால் புகை!

சரியாகத் தொப்பை வரும் இடத்தில் கருகிப்போயிருந்தது.

"மேல ஒரு பை வச்சுத் தைச்சிடுறேன்."

"தொப்பையிலயா பை?"

"ஓட்டை அங்கதானே இருக்கு!"

பச்சைத் துணி தீர்ந்துவிட்டதால் கறுப்பில் வைத்தார். தூக்கிப் பிடித்துக் காட்டினார். மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சிரிக்காதடி! அவரு வர்ற நேரமாச்சு."

"பேசாம உண்மையைச் சொல்லிடுங்க. கடிச்சா தின்னுடப்போறாரு?"

இந்தத் தடவை நிஜமாகவே ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் நுழைந்தார், பின்னால் அவருடைய டிரைவர்.

"ஐயா... தப்பு நடந்துபோச்சு..." மாஸ்டர் சட்டையை நீட்டினார். அவரோடு சேர்ந்து சட்டையும் நடுங்கியது.

இன்ஸ்பெக்டர் ஒல்லிக் கையைப் பார்த்தார். ஒட்டைப் பார்த்தார். தொப்பைப் பைக்குள் கையை விட்டுப் பார்த்தார். மீசை துடித்தது. மாஸ்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"இதைப் போட முடியாது, இல்ல?"

"முடியாதுங்க ஐயா."

"பிரிச்சுத் தைச்சாலும்?"

"சத்தியமா முடியாதுங்க!"

தோளில் ஒரு தட்டு விழுந்தது. மெதுவாகத்தான். கண்ணைத் திறந்தால், இன்ஸ்பெக்டர் கூலியை மேஜையில் வைத்துவிட்டு, சட்டையைக் குழந்தை மாதிரி அணைத்தபடி ஜீப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்.

மாஸ்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "தங்கமான மனுஷன்!" என்று நாற்காலியில் சரிந்தார். மனைவிக்குத்தான் பொறுக்கவில்லை.

"என்னண்ணே, ஒரு வார்த்தைகூடத் திட்டலையே?" என்று டிரைவரைக் கேட்டாள்.

"அவரு பொண்ணு முதல் சம்பளத்துல ஆசையா வாங்கிக் கொடுத்த துணிம்மா. போட்டுக்க வெட்கம். பிடிக்கலைன்னு சொன்னா பொண்ணு முகம் வாடிடுமேன்னு பயம். எத்தனையோ ரவுடியைப் பிடிச்ச மனுஷன், இந்தத் துணி வந்ததுலேருந்து சரியாத் தூங்கலை."

டிரைவர் மாஸ்டர் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

"அதான் துணியைக் கண்டிப்பாக் கெடுக்கிற டெய்லர் யாருன்னு ஊரெல்லாம் விசாரிச்சோம். எல்லாரும் உங்க கடையைத்தான் காட்டினாங்க."