பார்த்துக்கொள்ளப்பட்ட வீடு

அன்பும் பயமும் சரிபாதியாகக் கலந்த என் அக்காவுக்கு,

உன் தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும் நலம். என் முழங்கால் மட்டும் இந்த விஷயத்தில் தனிக்கருத்து வைத்திருக்கிறது. அங்கே நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். இல்லையென்றால் கடிதத்தை அத்தானிடம் கொடுத்துவிட்டு, கொஞ்சம் தேறிய பிறகு வாங்கிப் படி. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ என்னை எப்போது பேசவிட்டிருக்கிறாய்?

விஷயம், நீயும் நானும் சேர்ந்து வாங்கி ஒரு தையல்காரம்மாவுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோமே, அந்த வீடு. அதற்கு ஒரு மேனேஜரை வைக்கப் போகிறேன் என்றபோது, "எதுக்குடா? நீயே அப்பப்ப போய் எட்டிப் பார்த்தா கால் தேஞ்சா போயிடும்?" என்று கேட்டாய். எனக்கு ஆயிரம் வேலை இருக்கிறது என்றேன். அந்த ஆயிரத்தில் ஒன்றுகூட இப்போது நினைவுக்கு வரவில்லை. அவரை அமர்த்திய அன்று நான் சொன்னது ஒரே வாக்கியம்: "வீட்டைப் பார்த்துக்கங்க." தப்பு அங்கேதான் நடந்தது, அக்கா. மனுஷர் சொல் தவறாதவர். அன்றிலிருந்து பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார். குளியலறைச் சுவரில் ஈரம் பூத்தபோது எதிர்ச்சாரியில் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வாசலோடு பார்த்தார். ஈரம் சொட்டானபோது உள்ளே வந்து, இடுப்பில் கைவைத்து, அண்ணாந்து பார்த்தார். கதவு உப்பிப்போய் மூடாமல் நின்றதையும் பார்த்தார். அவர் பார்க்காமல் விட்டது என்று அந்த வீட்டில் எதுவுமே கிடையாது. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். நான் போனில் கேட்டால், "பாத்துக்கிட்டுதான் சார் இருக்கேன்" என்பார். நானும் நிம்மதியாக வைத்துவிடுவேன்.

சாட்சிக்குப் படம் வேறு அனுப்புவார். கேட், மதில், மதில்மேல் ஒரு சாம்பல் பூனை. நான் கட்டைவிரலைத் தூக்கிப் பதில் அனுப்புவேன். ஒருநாள் என் மனைவி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "ஏங்க, இந்தப் பூனைக்குப் போக்கிடமே கிடையாதா? போன தடவையும் இப்படித்தானே வாலைத் தொங்க விட்டுக்கிட்டு இருந்துச்சு?" என்றாள். அது நம்ம வீட்டோட ஒட்டிக்கிட்ட பூனை என்றேன். போனைப் பிடுங்கிப் பழைய படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். அடைமழைக் காலத்திலும் அதே வெயில், அதே பூனை, அதே வால்.

வாடகைப் பணம் கொடுக்க வந்த மேனேஜரிடம், நேரில் போகிறேன் என்று சொன்னேன். பதறிவிட்டார். "வேணாம் சார், அந்தத் தையல்காரம்மா வாயத் தொறந்தா மூட மாட்டாங்க. உங்க பி.பி.க்கு ஆகாது. நான் எதுக்கு இருக்கேன்?" என்றார். சண்டை என்றால் நான் எந்தப் பக்கம் ஓடுவேன் என்று உனக்குத் தெரியும். பேச்சை மாற்றி, அவர் போட்டிருந்த சட்டையைப் பாராட்டினேன். பொத்தானே இல்லாமல், பக்கவாட்டில் நாடா கட்டிய, பார்க்கவே மெத்தென்ற சட்டை. "தெரிஞ்சவங்க தச்சுக் கொடுத்தாங்க சார்" என்று வெட்கப்பட்டார். இந்தச் சட்டையை ஞாபகத்தில் வைத்துக்கொள்.

ஆனால் பூனை என் மனதை விட்டு இறங்கவில்லை. நேற்று யாரிடமும் சொல்லாமல் அந்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். கையில் ஒரு பை, பைக்குள் குடை, குடையின் பிடி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கழுத்தில் அளவு நாடாவோடு கதவைத் திறந்த தையல்காரம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, பையைத்தான் பார்த்தார். "வந்துட்டீங்களா! குழாய்க்காரர் வர்றாரு வர்றாருன்னு மேனேஜர் சொல்லிச் சொல்லி, அப்படி ஒரு ஆளே கிடையாதுன்னுல்ல நெனச்சேன்!"

"இல்லம்மா, நான் வந்து..."

"வந்தாச்சுல்ல, அது போதும். செருப்பைக் கழட்டாதீங்க, உள்ள தண்ணி."

அக்கா, துணி வெட்டுகிற மேஜையை ஒழுகாத மூலையாகத் தேடித் தேடி நகர்த்தி, கடைசியில் சமையலறை வாசலில் கொண்டுவந்து போட்டிருக்கிறார். தையல் மிஷினுக்குத் தொப்பி வைத்து ஒரு மழைக்கோட்டே தைத்து மாட்டியிருக்கிறார். ஓனரிடம் சொல்ல வேண்டியதுதானே என்று மெல்லக் கேட்டேன். குரலைத் தாழ்த்தினார்.

"அதை ஏன் கேக்கறீங்க. அந்த மனுஷர் படுத்த படுக்கையாம். புரண்டு படுக்கவே ரெண்டு ஆள் வேணுமாம், மேனேஜர் சொன்னாரு. அப்படிக் கெடக்கறவர்கிட்டப் போய் குழாய் ஒழுகுதுன்னு நிக்கலாமா? மனசு கேக்காம, படுத்த வாக்குலயே போட்டுக்கற மாதிரி பொத்தான் இல்லாம, பக்கத்துல நாடா வெச்சு ஒரு சட்டை தச்சுக் கொடுத்துவிட்டேன். போய்ச் சேந்துச்சோ என்னவோ."

எனக்கு அந்தச் சட்டை கண்முன்னால் வந்து நின்றது, மேனேஜரோடு சேர்த்து.

"சட்டையைப் பார்த்தேம்மா" என்றேன்.

"அளவு சரியா இருந்துச்சா?"

"தச்சு வெச்ச மாதிரி இருந்துச்சு."

அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் பார்த்திருக்கவே கூடாது. அப்புறம்தான் சொன்னார், வேறு வீடு பார்த்தாயிற்றாம். "நல்ல வீடுங்க இது, காலைல வெளிச்சம் நேரா மேஜைமேல விழும். ஆனா நனைஞ்ச துணிக்கு யார்கிட்ட பதில் சொல்றது? படுக்கையில இருக்கறவர்கிட்ட இதை எப்படிச் சொல்றதுன்னுதான் தவிக்கிறேன்."

நான்தான் ஓனர் என்று நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் ஒரு மனிதன் இரண்டு காலில் திடமாக நின்றுகொண்டு, நான்தான் அம்மா படுத்த படுக்கை என்று எப்படிச் சொல்வான்? ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறினேன். கைக்கு அகப்பட்டதைத் திருகினேன். சொட்டாக இருந்தது தாரையாயிற்று. ஸ்பானர் எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவன்தான்.

சிரிக்காதே, அக்கா. ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. என்னைப் பார்த்தே இராத ஒருத்தர் நான் எப்படிப் படுத்திருப்பேன் என்று யோசித்து, நாடா எந்தப் பக்கம் வந்தால் எனக்கு உறுத்தாது என்று பார்த்துத் தைத்திருக்கிறார். நானோ என் சொந்த வீட்டுக் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்க்கவில்லை. அப்படிப்பட்டவர் நம் வீட்டைவிட்டுப் போகிறார் என்றால், போவது வெறும் குடித்தனம் இல்லை. அதனால் முடிவெடுத்துவிட்டேன். நாளைக் காலை முதல் வேலை, மேனேஜருக்கு ஒரு கும்பிடு. இரண்டாவது, நிஜக் குழாய்க்காரர். மூன்றாவது, அந்த அம்மாவிடம் உண்மையைச் சொல்லி, போகாதீர்கள் என்று கேட்டுக்கொள்வது. உன் தம்பி ஒருமுறையாவது நிமிர்ந்து நிற்க அங்கிருந்தே ஆசீர்வாதம் பண்ணு. அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம், அவர்கள் வயதுக்கு அது இன்னும் செல்லுமானால்.

உன் சொல் கேளாத
தம்பி

பி.கு.: இதை உறையில் போடும்போது மேனேஜரே வந்து நிற்கிறார், அதே நாடாச் சட்டையில். வேலையைவிட்டு நின்றுகொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார். "சார், அந்தம்மா காலி பண்றேன்னு மூட்டை கட்டிட்டாங்க. பேசி நிறுத்திட்டேன். இனிமே எங்கயும் போக மாட்டாங்க."

"என்னய்யா பேசுனீங்க?"

"நீங்க தவறிட்டீங்கன்னு சொன்னேன் சார். ஒரே அழுகை. புருஷனைப் பறிகொடுத்துட்டு நிக்கற ஓனரம்மாவை இந்த நேரத்துல விட்டுட்டுப் போறதான்னு மூட்டையைப் பிரிச்சுட்டாங்க."

அடுப்படியிலிருந்து என் மனைவி, "பரவாயில்லையே, போயாவது ஒரு காரியம் பண்ணிட்டீங்க" என்றாள்.

நாளைக் காலை அந்த அம்மா துக்கம் விசாரிக்க இங்கே வருகிறாராம். குழாய்க்காரர் வந்தால் திறந்துவிடச் சொல்லி சாவியை மேனேஜரிடம் கொடுத்திருக்கிறார். ஆகவே அவர் இங்கே என் படத்தைத் தேடும் நேரத்தில் நான் அங்கே ஸ்டூல்மேல் நின்றுகொண்டிருப்பேன், நிஜக் குழாய்க்காரருக்கு எடுபிடியாக. நீ போன் செய்தால் கொஞ்சம் அழுத குரலில் பேசு. அந்த அம்மாவிடம் எப்போதுதான் உண்மையைச் சொல்லப் போகிறாய் என்றுதானே கேட்கிறாய்?

பாத்துக்கலாம், அக்கா.