'கை ஓடட்டும்' ஐயாவும் துரை விட்டுப்போன பியானோவும்

சங்கீதத்தைக் காதால் கேட்காமல் கண்ணால் மட்டுமே கேட்ட மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருப்பார். இலங்கை மலைநாட்டு அக்கரப்பத்தனையில் நான் சின்னக் கிளாக்கராக இருந்த தேயிலைத் தோட்டத்தின் கண்டாக்கையாதான் அவர். மலையில் கொழுந்தெடுக்கும் பெண்களை மேய்ப்பது அவர் உத்தியோகம். காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் எண்ணுவது முதல் மாலையில் கொழுந்து நிறுக்கும் வரை "கை ஓடட்டும், கை ஓடட்டும்" என்று விரட்டிக்கொண்டே இருப்பார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சனங்கள் அதையே அவருக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். சொந்தப் பெயர் எனக்கே மறந்துபோயிற்று.

பிள்ளையைப் பியானோ வகுப்பில் சேர்த்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று விழிக்கும் தாய் தகப்பன்மாருக்கு இவர் கதை உதவும். இவர் செய்ததையெல்லாம் செய்யாமல் இருந்தாலே போதும்.

வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகச் சீமைக்குக் கப்பலேறிய காலம் அது. எங்கள் துரையும் போகும்போது பங்களாப் பியானோவை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். எட்டுப் பேர் கட்டை கட்டிச் சுமந்து மலையேறினார்கள். லயத்துப் பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகுகிறது என்றால் ஐயாவுக்குக் காது கேட்காது. பியானோவுக்கு மட்டும் ஈரம் படாமல் இரண்டு கம்பளி போர்த்திக் கூட்டிவந்தார்.

பன்னிரண்டு வயது மகள் சுசீலா சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி, தலவாக்கலையில் ஒரு பறங்கி மிஸ்ஸியிடம் பியானோ கற்றுக்கொண்டு வருவாள். வீட்டில் தினமும் மாலை ஐந்து மணிக்குப் பயிற்சி. அவர்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். ஆகவே நானும் சேர்ந்தே பயின்றேன்.

ஐயா பிரம்போடு அவள் முதுகுக்குப் பின்னால் நிற்பார். சங்கீதத்தில் அரிச்சுவடி தெரியாது, ஆனால் விரல் தெரியும். முப்பது வருடம் கொழுந்தெடுக்கும் விரல்களையே பார்த்த கண் அல்லவா! இரண்டு கையும் வேகமாக ஓடினால் வேலை நடக்கிறது. மெதுவாக ஓடினால் சோம்பல். ஒரு கை நின்றுவிட்டால் ஏய்ப்பு. வலது கை வாசிக்க இடது கை மடியில் கிடந்தால் வந்தது வினை.

"அந்தக் கை ஏன் சும்மா இருக்கு? ரெண்டு கையும் ஓடட்டும்!"

புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று அவள் சொல்வாள். புத்தகம் எழுதினவன் மலைக்கு வந்து வேலை பார்த்திருக்கிறானா என்று இவர் கேட்பார்.

நுவரெலியாவில் பரீட்சை வந்தது. அதற்கு மிஸ்ஸி ஒரு மெதுவான பாட்டைக் கொடுத்திருந்தார். ஐயாவின் மேற்பார்வையில் மூன்றே வாரத்தில் அது குதிரைப் பந்தயமாகிவிட்டது. அதைக் கேட்ட மிஸ்ஸி, அடுத்த சனிக்கிழமையும் இப்படியே வாசித்தால் பரீட்சையும் கிடையாது, வகுப்பும் கிடையாது என்று சொல்லிவிட்டார். சுசீலா அழுதுகொண்டே வந்தாள். அந்தப் பியானோமேல் அவளுக்கு உயிர்.

மறுநாள் ஐந்து மணிக்குப் பிரம்புச் சத்தம் கேட்டது, பியானோ சத்தத்தைக் காணோம். எட்டிப் பார்த்தேன். சுசீலா பியானோ முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க வெளிய போனாத்தான் வாசிப்பேன்ப்பா. இல்லாட்டி தொட மாட்டேன்."

தோட்டத்தில் எத்தனையோ வேலைநிறுத்தங்களை உருட்டி மிரட்டி உடைத்தவர். இதை உடைக்க வழி தெரியாமல் முழித்தார். இரண்டாம் நாள் அவர் மனைவி கண்டாக்கம்மாவும் அடுப்பை மூட்டாமல் மகளோடு சேர்ந்துகொண்டார். லயத்தில் சிரிப்பு தாங்கவில்லை.

மூன்றாம் நாள், பட்டினி தாங்காமல், சமரசம் பேச என்னைக் கூப்பிட்டார். ஒப்பந்தத்தை நான்தான் எழுதினேன். ஐந்திலிருந்து ஆறு வரை தகப்பனார் வீட்டுக்குள் இருக்கக் கூடாது. சன்னல் பக்கம் வரக் கூடாது. இருமினாலும் அதட்டியதாகவே கொள்ளப்படும். பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து ஐந்து மணியானால் குடையும் கையுமாக வேலியோரத்துத் தேயிலைக்குள் போய் நிற்பார். பாட்டு மெல்ல மெல்லப் பழைய நடைக்குத் திரும்பியது. மிஸ்ஸியும் இறங்கிவந்தார்.

பரீட்சையன்று நானும் கூடப் போனேன். மண்டபத்துக்கு வெளியே, மழையில், ஒரே குடைக்குள் நின்றோம். பாட்டு மெதுவாக வந்தது. நடுவில் இடது கைச் சத்தம் நின்றது. ஐயாவின் வாய் திறந்தது. தொலைந்தோம் என்று நினைத்தேன். அவர் இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு என் காதருகே குனிந்தார்.

"அந்தக் கை சும்மா இல்ல தம்பி. அதோட நேரத்துக்குக் காத்துக்கிட்டு இருக்கு."

சுசீலா தேறிவிட்டாள். அவரும் திருந்திவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். மறுநாள் மலையில் ஒருத்தி வீங்கிய விரலை ஊதிக்கொண்டு நின்றாள். "கை ஓடட்டும்" என்று அதே குரல் கேட்டது. மகளின் கைக்குக் கிடைத்தது அந்தக் கைக்குக் கிடைக்கவில்லை. அதற்காக அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

சில வருடம் கழித்து, சுசீலா படிக்கக் கொழும்புக்குப் போனாள். அதன் பிறகும் ஐந்து மணியானால் அவர் குடையோடு தேயிலைக்குள் போய் நின்றார். உள்ளே பியானோ மூடிக் கிடக்கிறது, ஒப்பந்தம் முடிந்துபோயிற்று என்று சொல்லத்தான் ஒருநாள் போனேன். ஆனால் குடைக்குள் புகுந்து, ஆறு மணி வரை அவர் பக்கத்தில் நின்றேன்.