அசூயை என்று எழுதிவிட்டேன், மாமா

விருத்தாசலம்,
12-6-1991.

மிகவும் மதிப்பிற்குரிய மாமா சிங்காரவேல் அவர்களுக்கு, மைத்துனன் அர்ச்சுனன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கு நான், அமிர்தம், அகல்யா எல்லோரும் உடம்பளவில் நலம். வேப்பூருக்கு அந்தப் பக்கம் மங்களூரில் தாங்களும் அருக்காணி அக்காவும், ஈன்றிருக்கும் பசுவும் கன்றும் நலமாயிருக்க விருத்தகிரீஸ்வரர் துணை.

மாமா, இந்தக் கடிதம் கிடைத்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு அடுத்த தெருவிலிருக்கும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போங்கள். தாங்கள் பார்த்துக் கொடுத்த சம்பந்தம் கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது, அதுவும் ஒரே ஒரு வார்த்தையால். நம் அகல்யாவின் குணம் தாங்கள் அறிந்ததுதான். குழம்பில் கறிவேப்பிலைக் காம்பு கிடந்தாலும் முடியோ என்று எழுந்துவிடுவாள். இதுவரை மூன்று பேர் பெண் பார்க்க வந்தார்கள். ஒருவர் முறுக்கை காப்பியில் முக்கித் தின்றார், ஒருவர் பல் குத்திய தீக்குச்சியைத் தட்டிலேயே வைத்தார், மூன்றாமவர் மூக்கைச் சிந்திவிட்டு அதே கையால் கும்பிட்டார், மூவரையும் வேண்டாம் என்றுவிட்டாள். வயது இருபத்துநான்கு. நான்காவதாகத்தான் தாங்கள் சொன்ன பிரேம்நாத் தம்பி வந்தார். நம் பீங்கான் ஷெட்டில் சூளையிலிருந்து அன்றைக்குத்தான் எடுத்த புத்தம்புது கப்பில் காப்பி கொடுத்தால், அவர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து கப்பின் விளிம்பைச் சுற்றித் துடைத்துவிட்டுக் குடித்தார். அமிர்தத்துக்கு முகம் சுண்டிவிட்டது. "நம்ம வூட்டு கப்ப தொடைக்கிறாரே, நாம என்ன கழுவாமயா குடுக்கறோம்" என்று அடுப்படியில் முணுமுணுத்தாள். அகல்யாவோ, "அம்மா, இவரையே முடிச்சிடுங்க" என்றாள். மாமா, அந்த நிமிஷம் எனக்குக் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை.

அதன் பிறகு மாப்பிள்ளையின் அப்பா, தமிழாசிரியர் வெற்றிவேல் ஐயா, பெண்ணின் குணத்தில் சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் ஒளிக்காமல் எழுதுங்கள் என்று கேட்டு எழுதினார். நான் ஒளிக்கிற ஆளா? உட்கார்ந்து எழுதினேன். "என் மகளுக்கு அசூயை கொஞ்சம் அதிகம். பக்கத்து இலையில் ஒருவர் சாப்பிடுவதைப் பார்த்தாலே அசூயை வந்துவிடும். உறவுக்காரர் குழந்தையைத் தூக்கச் சொன்னால் அசூயைப்பட்டு ஒதுங்கிக்கொள்வாள். இது அவள் அத்தை வழியில் வந்தது, என் அக்காவுக்கு இதைவிட அதிகம்." இவ்வளவுதான் எழுதினேன். நாலாம் நாள் பதில் வந்தது, அதுவும் கார்டில். "அசூயை குடியிருக்கும் வீட்டில் எங்கள் மகன் பெண் எடுக்க மாட்டான்" என்று முத்து முத்தான எழுத்து. தபால்காரர் அதைப் படித்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நூலகத்துக்கு ஓடிப் போய் அகராதியைப் புரட்டினேன். அசூயை என்றால் பொறாமை என்று போட்டிருக்கிறது மாமா. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அடுத்தவர் இலையைப் பார்த்துப் பொறாமை, அடுத்தவர் குழந்தையைப் பார்த்துப் பொறாமை, அதுவும் பரம்பரையாக. பெற்ற தகப்பனே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். அக்கா இனி அந்தத் தெரு வழியாகப் போனால் அவர்கள் கறவை மாட்டைக்கூட உள்ளே இழுத்துக் கட்டிவிடுவார்களோ என்னவோ. இந்த வரியை மட்டும் அக்காவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

ஆனால் நான் விடவில்லை. ஷெட்டுக்கு வந்து சூளை பார்க்கும் பாவாடையிடம், "அசூயைன்னா என்னடா" என்று கேட்டேன். "சாக்கடைய மிதிச்சா வருமே, ஒடம்பெல்லாம் கூசிக்கிட்டு, அதாங்க" என்றான். மண் பிசைகிறவர்கள், பெயின்ட் அடிக்கிற பெண்கள், டீக்கடை நல்லமுத்து, என்னிடம் கார்டைக் கொடுத்த அதே தபால்காரர் எல்லோரையும் கேட்டுவிட்டேன். ஒருவர்கூடப் பொறாமை என்று சொல்லவில்லை. பதினேழு பேர் மாமா. இத்தனை பேர் ஒரு வார்த்தையைத் தப்பாகச் சொன்னால் அப்புறம் அது எப்படித் தப்பாகும் என்று எனக்கு ஆவேசமே வந்துவிட்டது. வீட்டுக்கு வந்தால் அகல்யா கார்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "அருவருப்புன்னு எழுதியிருக்கக் கூடாதாப்பா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சாப்பிடவில்லை. இந்த முறை குழம்பில் ஒன்றும் கிடக்கவில்லை.

ஆகவே தாங்கள் செய்ய வேண்டியது, அமிர்தம் சொன்ன யோசனைதான். ஐயாவிடம் வாதம் செய்ய வேண்டாம், அவர் இலக்கணத்தில் இறங்கினால் நம்மால் கரையேற முடியாது. அவர் பக்கத்தில் இருக்கும்போது அவர் சம்சாரம் மகேஸ்வரி அம்மாவிடம், "சோத்துல பல்லி வுழுந்தா எப்பிடிங்க இருக்கும்" என்று மட்டும் கேளுங்கள். அந்தம்மா வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தே தீரும். வந்ததும் ஐயா முகத்தைப் பாருங்கள். என் மகள் வாழ்க்கை அந்தப் பல்லியிடம் இருக்கிறது.

அக்காவுக்கு என் வணக்கம், அமிர்தத்தின் அன்பு. பெரியவர்கள் தாங்கள் இருவரும் நீடூழி இருந்து அகல்யாவைக் கரைசேர்க்க வேண்டும்.

இப்படிக்கு, தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட
அர்ச்சுனன்.

பின்குறிப்பு: மாமா, தாங்கள் எங்கும் போக வேண்டாம். கவரை ஒட்டப் போகும்போது வாசலில் பிரேம்நாத் தம்பி நிற்கிறார், வேப்பூரில் பஸ் மாறி வந்திருக்கிறார். "எங்கம்மாதாங்க அனுப்புனாங்க. உங்க லெட்டர அப்பா படிச்சதுமே, அது கொமட்டறதுக்குச் சொல்றதுங்கன்னு அம்மா சொல்லிட்டாங்க. அப்பா ஒத்துக்க மூணு நாளாச்சி" என்றார். ஐயா சரி என்றுவிட்டாராம், எழுத்தில் மட்டும் தர மாட்டாராம். எனக்குத் தலைகால் புரியவில்லை. அகல்யாவே காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். தம்பி இந்த முறை எங்கள் மனம் நோகக் கூடாதென்று கப்பைத் துடைக்காமல் அப்படியே குடித்துவிட்டார். உள்ளே போன அகல்யா என்னைக் கூப்பிட்டு, "ஏம்ப்பா, தொடைக்காமயே குடிச்சிட்டாரே, எனக்கு என்னமோ அசூயையா இருக்குது" என்கிறாள். தம்பி இன்னும் கூடத்தில்தான் இருக்கிறார். உடனே முதல் பஸ்ஸில் அக்காவையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். வரும்போது நல்ல வெள்ளைக் கைக்குட்டையாக அரை டஜன் வாங்கி வரவும்.