கரண்ட் இல்லாத வீடு

பன்னிரண்டு ஜேம் போத்தல்களில் ஒன்பதில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. மீதி மூன்றையும் அழகமுத்து பச்சைப்பிள்ளையைத் தூக்குவது போல் தூக்கி ஜன்னலோரம் வைத்தான். உள்ளே, வெள்ளைக் கூழின் மேல் நகத்தளவு அந்தூரியக் கன்றுகள்.

"மெயின் சுவிட்ச போடுங்க. பிரிஜ்ஜுல மீன் நாறுது" என்றாள் மனைவி பாலம்மா.

"கூடாரம் கெடைக்கிற வரைக்கும் பொறு."

விஷயம் இதுதான். மின்சாரம் இல்லாத வீட்டில் திசு வளர்ப்பு, அதாவது போத்தலுக்குள் கிருமி படாமல் கன்று வளர்ப்பது, செய்து காட்டுபவர்களுக்குச் செடி வளர்க்க ஒரு பொலித்தீன் கூடாரம் அரசாங்கத்தில் இலவசம். அது கிடைத்தால் தேயிலைக் கொழுந்து மூட்டை சுமக்காமல் பூ விற்றுப் பிழைக்கலாம். ஹேவாஹெட்டயில் அழகமுத்து வீட்டில் மின்சாரம் இருந்தது. விண்ணப்பத்தில் 'இல்லை' என்று எழுதிவிட்டான். அதிகாரி எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்பதால் ஒரு மாதமாக வீடே இருட்டு.

பூஞ்சணம் நாறும் பிரிஜ்ஜிலிருந்துதான் வருகிறது என்று கண்டுபிடித்து அதைக் காலி செய்தான். ஆனால் பிரிஜ்ஜே அதிகாரி கண்ணில் படக்கூடாதே! போத்தல்களுக்குப் பின்னால் நின்ற அதற்குப் பாலம்மாவின் கல்யாணக் கூறைச்சேலையைப் போர்த்தி, மேலே முருகன் படத்தை வைத்தான்.

மறுநாளே பக்கத்து வீட்டு மூக்காயி சூடம் கொளுத்த வந்துவிட்டாள். போகும்போது ஒரு போத்தலைத் திறந்து, உள்ளே துன்னூறும் போட்டுவிட்டுப் போனாள்.

"ஏன்க்கா தொறந்தீங்க?"

"சாமிக்கு முன்னால இருந்திச்சு. பிரசாதம்னு நெனச்சேன்."

மிச்சம் இரண்டு. இனி எந்தக் கிருமியும் அண்டக்கூடாது என்று ஒன்றை விறகடுப்பில், பிரஷர் குக்கரில் வைத்து அவித்தான். போத்தல் பளபளத்தது. கன்று கீரையாக வெந்திருந்தது.

"உப்புப் போடவா?" என்றாள் பாலம்மா.

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைசிப் போத்தலோடு உட்கார்ந்திருந்தபோதுதான் கண்டியிலிருந்து அந்த அதிகாரி, சுதர்சினி மிஸ், வந்தார். செருப்பைக் கழற்றினார். பிரிஜ்ஜைக் கும்பிட்டார். போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கரண்டே இல்லாம எப்படிண்ணே இவ்வளவு சுத்தமா?"

"கஷ்டந்தான் மிஸ்" என்றான் அழகமுத்து. இதில் பொய் இல்லை.

மிஸ் கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதம் கூடாரம்! காலண்டருக்குப் பின்னால் ஒளித்திருந்த மெயின் சுவிட்சைப் பாலம்மாவின் கை அப்போதே தேட ஆரம்பித்துவிட்டது.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே மிஸ் சொன்னார்:

"சொல்ல மறந்துட்டேன்ணே. கரண்ட் ஆபீஸ் பதிவுல ஒங்க வீட்டுக்கு லைன் இருக்குன்னு சொன்னாங்க. அழகமுத்து அண்ணன் பொய் எழுதுற ஆள் இல்லைன்னு நான் சண்ட புடிச்சு, அத வெட்டச் சொல்லிட்டேன். இந்நேரம் கரண்ட் போஸ்ட்டுல ஏறியிருப்பாங்க."