போர்ட்டில் உட்கார்ந்திருப்பது யார்?

இனி ஆரல்வாய்மொழிப் பக்கமே போவதில்லை என்று ஆனந்தகிருஷ்ணன் முடிவெடுத்திருந்தான். அது மச்சினன் நீலகண்டனின் ஊர். அங்கே காற்றாலைகளைச் சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள்? போன தடவை பந்தியில் பாயசம் விளம்பும்போது ஒரு கையில் வாளி, மறு கையில் கரண்டி. வேட்டியைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை. மீதியை மனைவி சிவப்ரியாவின் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

இன்று அதே மச்சினனின் புது வீட்டுப் பால்காய்ப்பு. காலை ஏழு மணிக்கே ஆனந்தகிருஷ்ணன் கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டான்.

“ஏட்டி, நான் வரல்ல. ஆபீஸ் வேலை இருக்கு. கன்டெய்னர் போடணும்.”

“கன்டெய்னரா? அடுக்களையில ஏழு கெடக்கு. எடுத்துக்கிடுங்க.”

“அது இல்லட்டி. இது சாஃப்ட்வேர். டேட்டாபேஸை ஒரு டப்பாக்குள்ள அடைச்சுத் தனியா ஓட வைக்கது. உனக்குச் சொன்னா விளங்காது.”

“விளங்காதுதான்” என்று சிவப்ரியா உடனே ஒத்துக்கொண்டாள். அவள் உடனே ஒத்துக்கொண்டால் பயப்பட வேண்டும். கல்யாணமாகி மூன்று வருடம் ஆகியும் அவனுக்கு அது பிடிபடவில்லை. “எப்ப ஓடும்?”

“ஒம்பது மணிக்குள்ள ஓடிரும். அதுக்குப் பொறவுதான் மெயின் வேலையே.”

“ஓடிச்சுன்னா நான் பஸ்ஸில போறேன், நீங்க இருங்க. ஓடலன்னா?”

“ஓடலன்னா வாறேன். பாயசமும் விளம்புறேன்.”

தைரியமாகத்தான் சொன்னான். செய்முறை வீடியோவை நேற்றே இரண்டு தடவை பார்த்திருந்தான். உண்மையில் ஆபீசில் கேட்டது, திங்கட்கிழமைக்குள் போட்டால் போதும் என்றுதான்.

கன்டெய்னர் ஓட்டும் டாக்கர் மென்பொருள் இறங்கியது. நிறுவினான். கட்டளையை அடித்தான். சிவப்பாக ஒரு வரி வந்து நின்றது.

சிவப்ரியா தலை பின்னிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். “என்னவாம்?”

“5432-ஆம் போர்ட் காலி இல்லையாம்.”

“குளச்சல் துறைமுகத்துலயா?”

“போர்ட்டுன்னா வாசல் மாதிரிட்டி. டேட்டாபேஸ் வந்து போற வாசல். அதுல எவனோ ஏற்கெனவே உட்காந்திருக்கான்.”

“எவனோன்னு எப்படித் தெரியும்?”

டாக்கரை அழித்துவிட்டு மறுபடி போட்டான். கணினியை அணைத்துத் திறந்தான். வைரஸ் தேடினான். போர்ட்டில் இருந்த ஆள் அசையவில்லை.

சிவப்ரியா பட்டுச்சேலையில் வந்து நின்றாள். “மணி ஒம்பது.”

“சவம், போகமாட்டேங்கு. அங்க உட்காந்திருக்கது யாருன்னு மட்டும் தெரியட்டும், கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளுதேன்.”

“தள்ளுங்க. நான்தான்.”

அவன் மெதுவாகத் திரும்பினான்.

“நீங்க ஆபீஸ் போன பொறவு நான் டேட்டாபேஸ் படிக்கேன்லா, நாலு மாசமா. என்னுது டப்பாவெல்லாம் இல்லாம நேராவே போட்டிருக்கேன். கம்ப்யூட்டரத் தொறந்ததும் அதுவா வந்து உட்காந்துக்கிடும்.”

குனிந்து, அவன் அடித்திருந்த கட்டளையில் இரண்டு தடவை வந்த 5432-இல் முதலாவதை மட்டும் பக்கத்து வாசலான 5433 என்று மாற்றி என்டர் தட்டினாள். ஓடியது. மணி ஒன்பது தாண்டி இரண்டு நிமிடம்.

“இதை ஏழு மணிக்கே சொல்லியிருக்கலாம்லா?”

“எனக்குத்தான் விளங்காதே. நீங்க வந்து விளம்புங்க. அண்ணன் வீட்டுப் பக்கம் காத்து பலமாம். வேட்டிக்கு பெல்ட் எடுத்து வச்சிருக்கேன்.”

அன்றைக்கு ஆனந்தகிருஷ்ணன் சேதமில்லாமல் வீடு கொண்டுவந்து சேர்த்த கன்டெய்னர்கள் ஏழு. ஏழிலும் பாயசம்.