நூறு கிராம் சிவப்பு

"அந்தப் பேரை இன்னொரு தடவை சத்தமாச் சொல்லாதீங்க டீச்சர்," என்றார் முஜிபுர் ரஹ்மான்.

கடையில் வேறு யாரும் இல்லை. பள்ளிக்கூடங்களுக்கு லேப் சாமான் விற்கும் கடை அது. பெரிய கடை வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இருந்தது.

"பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு, பாய். சயனைடு வேற, இது வேற. எங்க ஸ்கூல் லேப்லயே இருக்கு."

"அப்ப அங்கேயே கொஞ்சம் எடுத்துக்க வேண்டியதுதானே?"

பேட்ரிசியாவுக்கு முகம் சிவந்துவிட்டது. இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு டீச்சர். ஒரு துண்டு சாக்பீஸ் தவறிக் கைப்பையோடு வந்துவிட்டால்கூட மறுநாள் காலையில் முதல் வேலையாகத் திருப்பி வைக்கிறவள்.

முஜிபுர் ரஹ்மான் குரலைத் தாழ்த்தினார். "இது விஷமில்லைன்னு எனக்குத் தெரியாதா டீச்சர்? ஆனா முந்தாநாள் ஒரு போலீஸ் மேடம் ஜீப்ல வந்து எறங்குனாங்க. ஒரு சீட்டை நீட்டி, இதே பேரு, 'இருக்கா'ன்னு கேட்டாங்க. எங்க அத்தா காலத்துலேர்ந்து இந்தக் கடைக்குள்ள போலீஸ் கால் வச்சதில்லை. 'அப்படி ஒரு சாமானைக் கண்ணால கூடப் பார்த்ததில்லை'ன்னுட்டேன். இப்ப உங்களுக்குக் கொடுத்தா என் கதி என்ன?"

இன்னொரு பொருளான பச்சைப் பவுடரை மட்டும் முணுமுணுக்காமல் எடுத்துக் கொடுத்தார். ரத்தச் சோகை டானிக்கில் சேர்க்கிற இரும்பு உப்பு அது. அதைப் பற்றி எந்தப் போலீசும் கேட்கவில்லை.

போன மாதம் ஸ்ரீரங்கத்தில் ஒரு மண்டபத்தில் நடந்த கண்காட்சிக்கு மழைக்கு ஒதுங்கத்தான் பேட்ரிசியா போனாள். சுவரில் ஆழமான நீலத்தில் ஒரு வெள்ளை இலை. நரம்பு நரம்பாகத் தெரிந்தது. யார் வரைந்தது என்று கேட்டதற்கு, அங்கிருந்த பெண், "வரையலைங்க. ரெண்டு பவுடர், தண்ணி, வெயில். கேமராகூடக் கிடையாது," என்றாள். மழை விட்டு ஒரு மணி நேரமாகியும் பேட்ரிசியா அந்த நீலத்தின் முன்னாலேயே நின்றாள். எல்லாவற்றுக்கும் விடை முன்கூட்டியே தெரிந்த வேலையில் இத்தனை வருடம் இருந்துவிட்டவளுக்கு, வாய் திறந்து நிற்பது எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது.

அதனால்தான் முஜிபுர் ரஹ்மான் கையை விரித்த மறுநாளே தில்லை நகரில் இன்னொரு கடைக்குப் போனாள்.

"பேரு, அட்ரஸ், போன் நம்பர் சொல்லுங்கம்மா. போன வாரம் போலீஸ் வந்து இதைப் பத்திக் கேட்டுட்டுப் போயிருக்காங்க," என்றார் கடைக்காரர், ரிஜிஸ்தரைத் திறந்துகொண்டே.

"டோரதி," என்றாள் பேட்ரிசியா. டோரதி அவள் நாத்தனார். எடமலைப்பட்டி புதூரில் இருக்கும் டோரதியின் விலாசத்தையும் தெருப்பெயர் பிசகாமல் சொன்னாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் போன் நம்பரை மட்டும் தன்னுடையதையே சொல்லிவிட்டாள்.

எழுதிக்கொண்டு, "ஸ்டாக் இல்லைம்மா," என்றார் அவர்.

வியாழக்கிழமை மதியம் போன் வந்தது.

"டோரதிங்களா? எஸ்.ஐ. ரஞ்சனி பேசறேன். உங்களைப் பார்க்கணுமே."

"ராங் நம்பர்," என்று போனை அணைத்து அரிசிப் பானைக்குள் போட்டாள் பேட்ரிசியா.

அதைப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தான் பிலோமின்ராஜ். பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்க்கும் கணவன். அவனிடம் உண்மையைச் சொல்லிவிடுவதே நல்லது என்று நினைத்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவன் காதில் சயனைடு என்ற நாலு எழுத்து மட்டும் விழுந்தது. அன்று இரவு ரசம் வேண்டாம் என்றான்.

"வெறும் தயிர் போதும்."

"ஊத்தட்டுமா?"

"இல்லை, பாக்கெட்டை நானே பிரிச்சுக்கறேன்."

மறுநாள் சாயங்காலம் பேட்ரிசியா மீண்டும் முஜிபுர் ரஹ்மான் கடைக்குப் போனாள். இந்தத் தடவை எதுவும் கேட்கவில்லை. கண்காட்சியில் எடுத்த போட்டோவைப் போனில் காட்டினாள், அவ்வளவுதான்.

அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "வெயிலா இதைப் பண்ணுச்சு?"

"வெயில்தான் பாய்."

"நம்மூரு வெயில் மண்டையைப் பொளக்கத்தான் லாயக்குன்னு நெனச்சேன்." இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏழு மணிக்கு ஜீயபுரத்துல என் மச்சான் வீட்டுக்குப் போறேன். பஸ் ஸ்டாப்புல நில்லுங்க. யார் கேட்டாலும் என் பேரு வரக்கூடாது."

"செத்தாலும் வராது."

வாழைத்தோட்டத்தை ஒட்டி நின்ற பஸ் ஸ்டாப்பில், ஒரு பால்கோவா டப்பா கைமாறியது. திறந்து பார்த்தாள். மாணிக்கத்தை உடைத்துப் போட்டதுபோல் சிவப்புப் படிகம், நூறு கிராம்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேலப்புதூர் வீட்டு மொட்டை மாடியில் வெயில் தயாராக இருந்தது. இரண்டு கரைசலையும் கலந்து முதல்நாளே டிராயிங் ஷீட்டில் பூசி, இருட்டறையில் காயவைத்திருந்தாள். அதன் மேல் முருங்கை இணுக்கு ஒன்றை வைத்து, கல்யாண போட்டோவிலிருந்து கழற்றிய கண்ணாடியால் மூடினாள். பத்து நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும்.

மூன்றாவது நிமிடத்தில் வாசலில் ஜீப் நின்றது.

முதலில் இறங்கியது டோரதி; ரிஜிஸ்தரில் இருந்த விலாசத்துக்கு ஜீப் போயிருக்கிறது. "தம்பி! என் பேரைச் சொல்லி உன் பொண்டாட்டி விஷம் வாங்கியிருக்காடா!" என்ற குரல் தெருமுனை வரை கேட்டது. அவளுக்குப் பின்னால் எஸ்.ஐ. ரஞ்சனி. அதற்குப் பின்னால் டிரைவர் நல்லுசாமி. எல்லாருக்கும் முன்னால் மாடிப்படியில் தடதடவென்று ஏறி வந்தவன் பிலோமின்ராஜ்.

பேட்ரிசியா கண்ணாடியை விட்டு நகரவில்லை.

"சிவப்புப் பவுடர் எங்க வாங்கினீங்க?" என்றார் ரஞ்சனி.

"சொல்ல மாட்டேங்க. இன்னும் ஏழு நிமிஷம் கொடுங்க மேடம். அப்புறம் எங்க கூப்பிட்டாலும் வரேன்."

என்ன காரணமோ, ரஞ்சனி சரி என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நேரம் முடிந்ததும் பேட்ரிசியா தாளை எடுத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமிழ்த்தினாள்.

மஞ்சள் கரைந்து ஓடியது. சாம்பல் பூத்துக் கிடந்த தாளில் எங்கிருந்தோ நீலம் வந்தது. வந்துகொண்டே இருந்தது. அதன் நடுவே ஒவ்வொரு முருங்கை இலையும், காம்பும், காம்பில் ஒட்டிக்கொண்டிருந்த ஓர் எறும்பும் தூய வெள்ளையாக எழுந்தன.

டோரதி சிலுவை போட்டுக்கொண்டாள். ரஞ்சனி தொப்பியைக் கழற்றிவிட்டுச் சுடுதரையில் மண்டியிட்டார்.

"நம்ம வீட்டு முருங்கையா இது?" என்றான் பிலோமின்ராஜ். "தினம் நான் பறிக்கிற மரமா?"

ரஞ்சனி தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். "யார் கொடுத்தது? பேரைச் சொல்லுங்க."

"ஜெயில்ல போட்டாலும் சொல்ல மாட்டேன்."

பிலோமின்ராஜ் மனைவிக்கு முன்னால் வந்து நின்றான். "அவளைக் கூட்டிட்டுப் போறதுன்னா என்னையும் கூட்டிட்டுப் போங்க மேடம். அவ கையால எதைக் கொடுத்தாலும் நான் சாப்பிடுவேன்."

மாடிப்படியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த டிரைவர் நல்லுசாமிக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"கடையைச் சொல்லிடுங்க டீச்சர், புண்ணியமாப் போகும்! பச்சைப் பவுடரை வாங்கி வீட்ல வச்சுக்கிட்டு ஏழு மாசமா மேடம் ஊரெல்லாம் அலையறாங்க, யூனிஃபார்மைப் பார்த்ததும் சிவப்பு இருக்குன்னு ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கறான்!"