பூட்டிய கால்கவசம்

ஐம்பத்தெட்டாவது வயதில், கட்டிய மனைவியை ஏமாற்றிவிடுவது என்று மெர்வின் தீர்மானம் செய்தான். பெண் விவகாரமெல்லாம் ஒன்றுமில்லை. அதற்கு வேண்டிய சாமர்த்தியமும் அவனிடம் கிடையாது, ஹுவான் பள்ளத்தாக்கில் அவனைத் திரும்பிப் பார்க்கிற பெண்ணும் கிடையாது. எல்லாம் ஒரு கால்கவசத்தால் வந்தது.

மெர்வினுக்கு மரம் வெட்டுகிற தொழில். ஆப்பிள் தோட்டக்காரர்கள் காற்றுக்கு அரணாக வைத்த பைன் மரம் கிழடு தட்டினால் அவனைக் கூப்பிடுவார்கள். சாலையில் யூகலிப்டஸ் சாய்ந்தாலும் அவனைத்தான். அவனும் கூட்டாளி பேஸிலும் ஆளுக்கொரு சங்கிலி ரம்பத்தோடு போய் இறங்கினால் சாயங்காலத்துக்குள் மரம் விறகாகிவிடும். முப்பது வருஷமாக இதே தொழில். முப்பது வருஷமும் சாதாரணக் கால்சட்டைதான்.

போன நவம்பரில் ஒரு நாள் அவன் மனைவி நோலீன் டவுனுக்குப் போய் ஒரு கால்கவசம் வாங்கி வந்தாள். இடுப்பிலிருந்து கணுக்கால்வரை முன்பக்கத்தை மூடுகிற தடித்த துணி. உள்ளே அடுக்கடுக்காக நீள நீளமாய் இழை. பின்னால் இழுத்துக் கட்ட வார்.

"என்ன இது? மெத்தையைக் கிழிச்சுக் கால்ல கட்டச் சொல்றியா?"

"ஆமா. கட்டு."

"சூடா இருக்குமே."

"இருக்கட்டும்."

"அரிக்கும்."

"சொறிஞ்சுக்கோ."

"முப்பது வருஷமா ஒரு கீறல் பட்டதில்ல, நோலீன்."

"அந்த ரம்பத்துக்குப் பொறுமை ஜாஸ்தி, அவ்வளவுதான்."

அன்றிலிருந்து தினமும் காலையில் வாசற்படியில் நிற்பாள். குதிரைக்குச் சேணம் மாட்டுகிற மாதிரி அவன் இடுப்பில் வாரை இழுத்துக் கட்டுவாள். ஒரு தடவை இழுத்துப் பார்ப்பாள். அப்புறம்தான் சாப்பாட்டு டப்பா கைக்கு வரும். முத்தமெல்லாம் கிடையாது. அது நின்று எவ்வளவு காலமாயிற்று என்று இரண்டு பேருக்குமே நினைவில்லை.

பாரில் மெர்வின் சொன்னான்: "எனக்குக் காட்டுல ஒரு ரம்பம், வீட்டுல ஒரு ரம்பம். காட்டு ரம்பத்துக்காவது பிரேக் இருக்கு!"

பாரே சிரித்தது. யாரோ அதை நோலீன் காதில் போட்டுவிட்டார்கள். வீட்டில் பூகம்பம் வரும் என்று மெர்வின் பயந்துகொண்டே போனான். ஒன்றும் வரவில்லை. ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் தட்டில் இருந்தன. மறுநாள் காலையில் வார் மட்டும் இன்னும் ஒரு துளை இறுக்கமாக இருந்தது.

பாசம்தான் என்று மெர்வின் முடிவு கட்டினான். வயதானால் பெண்களுக்கு அது பொங்கும் போலிருக்கிறது. அவன் காய்ச்சலில் கிடந்தபோது மாத்திரையை மேஜைமேல் வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனவள் அவள். அவள் வைத்து வளர்த்த வால்நட் மரத்தை, டெலிவிஷன் சரியாகத் தெரியவில்லை என்று அவன் அடியோடு அறுத்துத் தள்ளியபோதுகூட, "நிழலுக்கு வெச்சேன்" என்று மட்டும் சொன்னவள். அதற்கப்புறம் அவன் முன்னறையில் ஃபுட்பால் பார்ப்பான், அவள் சமையலறையில் ரேடியோ கேட்பாள். நடுவில் ஒரு கதவு. அப்பேர்ப்பட்டவள் இன்றைக்கு அவன் காலுக்காக வாசலில் நிற்கிறாள் என்றால் பாசமில்லாமல் வேறென்ன? நினைக்க நினைக்க அவனுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஆனால் பெருமை அரிப்பைத் தீர்க்காதே. அந்த ஊரில் ஜனவரிதான் நடுக்கோடை; வெயிலில் தொடை இரண்டும் வெந்தன. அதனால்தான் அந்தத் தீர்மானம்.

திட்டம் எளிது. வீட்டிலிருந்து கவசத்தோடு கிளம்புவது. பாலம் தாண்டியதும் வண்டியை ஓரம்கட்டிக் கழற்றி, சீட்டுக்குப் பின்னால் திணிப்பது. சாயங்காலம் அதே பாலத்தில் நின்று, அதன்மேல் கொஞ்சம் மரத்தூளைத் தூவி, இரண்டு சொட்டு எண்ணெய் தெளித்து, மாட்டிக்கொண்டு வீரனாக வீடு திரும்புவது.

முதல் நாளே பேஸில் பார்த்துவிட்டான்.

"மச்சான், அதை ஏன்டா கழட்டுறே?"

"வெந்து சாகவா?"

"நானும்தான் போட்டிருக்கேன். வெந்தா போயிட்டேன்?"

"நீ ஏற்கெனவே உன் பொண்டாட்டி சமையல்ல வெந்தவன்."

"சிரிக்காதே. ரம்பம் பட்டா அந்த இழையெல்லாம் பிச்சுக்கிட்டு வந்து சக்கரத்துல சுத்திக்கும். மிஷின் அப்படியே நின்னுடும். உன் தோலுக்குள்ள அந்த மாதிரி எதுவும் வெச்சுத் தைக்கல."

"என் தோல் தடிச்ச தோல்டா."

"அதையேதான் உன் பொண்டாட்டியும் சொல்றா."

மெர்வின் காதில் வாங்காமல் ரம்பத்தைக் கிளப்பினான். விழுந்த பைனின் கிளைகளை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனான். ஒரு கிளையிலிருந்து அடுத்ததுக்குப் போகும்போது ஓடுகிற ரம்பத்தைத் தொடையோரம் தொங்கவிட்டபடியே நடந்தான்.

"பிரேக்கைப் போட்டுட்டு நட!" பேஸில் கத்தினான். "எத்தனை தடவைடா சொல்றது?"

"நாலு எட்டு நடக்கிறதுக்கு ஒரு பிரேக்கா? நீ என் பொண்டாட்டிக்கு அண்ணனா பொறந்திருக்கணும்!"

அந்த வாரம் முழுக்கத் திட்டம் ஜாம்ஜாமென்று நடந்தது. மெர்வினுக்கு அரிப்பு நின்றது. தன் மூளைமேல் மரியாதை வந்தது. பாலத்தில் நின்று தூள் தூவும்போது சீட்டியடித்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நோலீன் கவசத்தைக் கழற்றி வாங்கினாள். வழக்கமாக ஆணியில் மாட்டுகிறவள், அன்றைக்கு உள்பக்கத்தைத் திருப்பினாள். உள்ளங்கையை வைத்துத் தடவினாள்.

"இன்னைக்கு நல்ல வெயில்."

"ஐயோ, கேட்காதே! நெருப்பு."

"ரொம்ப வேர்த்துதா?"

"ஆறா ஓடிச்சு!"

"ஆறு எந்தப் பக்கமா ஓடிச்சு, மெர்வின்? இங்க ஒரு சொட்டு ஈரத்தைக் காணோமே."

மெர்வின் கவசத்தை எட்டிப் பார்த்தான்.

"வந்து... நான் வேலை செய்யறப்ப வேர்க்கிறது கம்மி."

"அதை நம்பறேன்," என்றாள் நோலீன். "நீ வேலை செய்யறதே கம்மிதானே."

திட்டவில்லை. அழவில்லை. நேராகக் கோழிக்கூண்டுக்குப் போனாள். கதவில் தொங்கிய சின்னப் பூட்டைக் கழற்றிக்கொண்டு வந்து ஜன்னல் திண்டில் வைத்தாள். திங்கட்கிழமை காலையில் வாரை இழுத்துக் கட்டினாள். முதுகுப் பக்கம் வாரின் இரண்டு முனையிலும் இருந்த துளைகளை ஒன்றுசேர்த்தாள். 'டக்' என்று ஒரு சத்தம்.

"நோலீன்! என்ன பண்றே?"

"பூட்டறேன்."

"நான் என்ன கோழியா?"

"கோழி பொய் சொல்லாது."

"அவசரத்துக்கு ஒதுங்கணும்னா என்ன பண்றது?"

"பின்பக்கம் திறந்துதான் இருக்கு. அதெல்லாம் நல்லா யோசிச்சுத்தான் தைச்சிருக்காங்க." சாவியைச் சமையல் ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு, சாப்பாட்டு டப்பாவை நீட்டினாள்.

அன்றைக்குப் பேஸில் பார்த்த வேலை கொஞ்சம், சிரித்த சிரிப்பு ஜாஸ்தி. மெர்வின் குனிந்தபோதெல்லாம் முதுகில் பூட்டு ஆடியது. "மச்சான், உள்ளே அப்படி என்னடா பொக்கிஷம்? இத்தனை வருஷம் கழிச்சு அதுக்கு ஒரு பூட்டு!"

மெர்வின் கோபத்தில் இருந்தான். கோபத்தில் இருக்கிறவன் வேகமாக நடப்பான். ராத்திரி பெய்த மழையில் தரை ஈரமாக இருந்தது. உரிந்து கிடந்த மரப்பட்டைமேல் இடது கால் வைத்தான். பட்டை வழுக்கியது. கை தானாக இறுகியது. விரல் விசையை அழுத்தியது. பிரேக் போடாமல் தொடையோரம் தொங்கிக்கொண்டிருந்த ரம்பம் சீறிக்கொண்டு தொடைமேல் இறங்கியது.

ஒரு 'கர்ர்'. அப்புறம் நிசப்தம்.

மெர்வின் மல்லாந்து கிடந்தான். வானம் தெரிந்தது. கீழே பார்க்கப் பயமாக இருந்தது. பேஸில் தன் ரம்பத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து பக்கத்தில் மண்டிபோட்டான். அவன் முகத்தில் சிரிப்பு துடைத்துவிட்ட மாதிரி போயிருந்தது.

"இருக்காடா?" என்றான் மெர்வின், கண்ணை மூடிக்கொண்டு.

"இரு, பார்க்கறேன்."

"பேஸில், இருக்காடா?"

"இருக்குடா. கால் இருக்கு. ரத்தமே இல்ல."

மெர்வின் எட்டிப் பார்த்தான். சேமியாப் பொட்டலம் உடைந்த மாதிரி கவசத்திலிருந்து வெள்ளை வெள்ளையாக இழை பிதுங்கி, ரம்பத்தின் வாயெல்லாம் அடைத்துக்கொண்டு கிடந்தது. கீழே கால்சட்டையில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. அவன் குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தான். பேஸில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, பிய்ந்த இழைகளை ரம்பத்திலிருந்து ஒவ்வொன்றாக உருவினான்.

"இந்தக் கவசம் இனிமே உதவாது," என்றான். "ஒரு வெட்டு வாங்கிட்டா அவ்வளவுதான். தைச்செல்லாம் போடக் கூடாது." அப்புறம், "வீட்டுக்குப் போ, மச்சான். போய் அவ கால்ல விழு."

வழியில் பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தி மெர்வின் பூ வாங்கினான். கார்னேஷன். பாதி வாடியிருந்தது. இவ்வளவு வருஷத்தில் அவளுக்கென்று அவன் வாங்கிய முதல் பூ. வண்டி ஓட்டும்போதே ஒத்திகை பார்த்தான். 'நீ இல்லாட்டி நான் இல்ல, நோலீன்.'

நோலீன் கோழிகளுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். மத்தியானமே வண்டி வருவதைப் பார்த்து நிமிர்ந்தாள். அவன் தொடையில் தொங்கிய வெள்ளை இழைகளைப் பார்த்தாள். வாளி கையிலிருந்து நழுவியது.

"காலு?"

"இருக்கு."

"காட்டு."

சமையலறையில் உட்கார வைத்துப் பூட்டைத் திறந்தாள். கால்சட்டையை இறக்கச் சொல்லித் தொடையை அழுத்திப் பார்த்தாள். லேசாகக் கன்றியிருந்தது. "நட," என்றாள். நடந்தான். "திரும்பி வா." வந்தான். "உட்காரு. எழுந்திரு. வலிக்குதா?" வலிக்கவில்லை. அவள் நாற்காலியில் உட்கார்ந்து நீளமாக ஒரு மூச்சு விட்டாள். கண் கலங்கியிருந்தது. மெர்வினுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"நோலீன், நீ இல்லாட்டி நான் இல்ல. உன்னை ஏமாத்தினேன். பாவி நான்." பூவை மேஜைமேல் வைத்தான். "போதும். இனிமே ரம்பத்தைத் தொடமாட்டேன். எல்லாத்தையும் பேஸிலே எடுத்துக்கட்டும். இனிமே வீட்லதான். உன் கூடவேதான்."

"நிஜமாவா?"

"சத்தியமா."

"நாளைக்கு மனசு மாறமாட்டியே?"

"இனிமே ரம்பச் சத்தமே எனக்கு ஆகாது. மாறவே மாட்டேன்."

நோலீன் எழுந்தாள். அவன் தோளை மெதுவாக ஒரு தட்டுத் தட்டினாள். உள்ளே போனாள். திரும்பி வந்தபோது ஏப்ரன் இல்லை. நல்ல கோட்டு போட்டிருந்தாள். கையில் ஒரு பெரிய பெட்டி.

"எங்கயாவது போறோமா?" என்றான் மெர்வின் ஆசையாக.

"போறேன். டெவன்போர்ட்டுக்கு. முதியோர் இல்லத்துல சமையல் வேலை. தங்க இடமும் உண்டு."

"எத்தனை நாளைக்கு?"

அவள் கோழிக்கூண்டுச் சாவியை மேஜைமேல் வைத்தாள். அவனுக்கு மெல்லப் புரிந்தது.

"இதை எப்ப முடிவு பண்ணினே?"

"போன நவம்பர்ல."

"இந்தக் கவசம் வாங்கினியே, அப்பவா?"

"அதுக்கு முந்தின நாள்."

"அப்பவே போயிருக்கலாமே?"

"சிக்னெட் ஊர்ல வெரான்னு ஒருத்தி. அவளும் இப்படித்தான் பெட்டி கட்டி வெச்சிருந்தா. கிளம்பற வாரத்துல அவ புருஷன் காலை அறுத்துக்கிட்டான். ஒத்தைக் காலோட கிடக்கிறவனை விட்டுட்டு எப்படிப் போறது? பெட்டியை அவிழ்த்துட்டா. இன்னைக்கும் அவனைக் குளிப்பாட்டிக்கிட்டிருக்கா." நோலீன் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள். "நான் போனப்புறம் நீ அறுத்துக்கிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவாங்க. வரணும். அப்புறம் போகவே முடியாது. அதான் நீ ரம்பத்தைக் கீழே வைக்கட்டும்னு காத்திருந்தேன். நீ இவ்வளவு சீக்கிரம் வைப்பேன்னு நினைக்கல."

"அப்ப என்மேல பாசம்னு நினைச்சேனே?"

"உன் காலுமேல உண்டு, மெர்வின். ரொம்ப உண்டு."

அவனுக்குச் சண்டை போடவேண்டும் போல இருந்தது. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அவள் சொன்னதில் பொய் என்று ஒன்றுகூட அகப்படவில்லை. கார்னேஷனைத் தண்ணீரில் போட்டு வைக்கலாமா என்று ஒரு யோசனை மட்டும் வந்தது. ஜாடி எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது.

"பெட்டி கனம்," என்றாள் நோலீன். "என் காருல கொண்டு வெச்சுடு."

தூக்கினான். நிஜமாகவே கனம்தான். வாசற்படியில் அவன் முதல் அடி எடுத்து வைத்தபோது, பின்னாலிருந்து அவள் பதறிப்போய்ச் சொன்னாள்:

"காலைப் பார்த்து வை! நான் கிளம்பற வரைக்குமாவது!"